வழக்கறிஞர் வைத்துக்கொள்வது குற்றம்!

1927-இல் கனடா நாடாளுமன்றம் தன் ‘இந்தியர் சட்ட’த்தில் 141 என்றொரு பிரிவைச் சேர்த்தது. அந்தச் சட்டம் ‘இந்தியர்’ என்று சொல்வது அந்த மண்ணின் பூர்வகுடிகளை. நிலத்தைக் கேட்டு வழக்காடுவதற்காக, அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பூர்வகுடிகளிடம் யாரும் பணம் வசூலிக்கக் கூடாது; வசூலித்தால் அபராதம் அல்லது சிறை. ‘பிரிட்டிஷ் கொலம்பிய நேசக்குடிகள்’ அமைப்பு தன் நிலக்கோரிக்கையோடு ஒட்டாவா வரை போன கையோடு வந்த சட்டம் இது. 1951 வரை, 24 ஆண்டுகள் இது நடைமுறையில் இருந்தது.

அதற்கும் முன்னால், 1876-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொன்றைச் சொன்னது: பூர்வகுடி ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாலோ வழக்கறிஞரானாலோ அந்த நொடியிலிருந்து அவர் சட்டத்தின் கண்ணில் பூர்வகுடி இல்லை. படித்தால் உன் சனத்தை விட்டு வெளியே போ. உள்ளிருந்து வழக்கறிஞர் வர முடியாது. வெளியிலிருந்து அமர்த்திக்கொண்டால் சிறை. நிலத்தைத் திருடியவன் நீதிமன்றக் கதவையும் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டான்.

அதே 1927-இல்தான் மகாடில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார் அம்பேத்கர். குளம் தங்களுக்கே சொந்தம் என்று சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். பாரிஸ்டர் அம்பேத்கர் பத்தாண்டு விடவில்லை. 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் சாதி இந்துக்களின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. குளத்தில் இறங்கிய கால்களும் வேண்டியிருந்தன, சட்டம் படித்த மூளையும் வேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்டவர்கள் கைக்குச் சட்டம் போனால் என்ன ஆகும் என்று எல்லா ஆதிக்கத்துக்கும் தெரியும். கனடா அதை முளையிலேயே கிள்ளப் பார்த்தது.

1951-இல் தடை போனது. ஆனால் அதன் இடத்தில் விலை வந்து உட்கார்ந்தது.

கிட்சான், வெட்சுவெட்டன் மக்கள் தங்கள் நிலத்துக்காகத் தொடுத்த டெல்கமூக் வழக்கு விசாரணை நீதிமன்றத்தில் மட்டும் 374 நாள் நடந்தது. மூத்த பெண் ஒருவர் சாட்சிக் கூண்டில் தம் குலப்பாடலைப் பாட முற்பட்டபோது, தமக்குப் பாட்டுக் கேட்கும் காது கிடையாது என்றார் நீதிபதி மக்ஈச்சர்ன். 1991-இல் வாய்மொழி வரலாறுகளை ஒதுக்கிவிட்டு வழக்கைத் தள்ளினார். 1997-இல் உச்சநீதிமன்றம், வாய்மொழி வரலாற்றையும் ஏட்டுச் சான்றுக்கு நிகராக மதிக்க வேண்டும் என்று திருத்தியது. பெரிய வெற்றிதான். ஆனால் நிலம் கிடைக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து விசாரியுங்கள் என்றது தீர்ப்பு.

சில்கோட்டின் மக்களின் வழக்கு 339 நாள் விசாரணை. 2014-இல் சுமார் 1,750 சதுர கிலோமீட்டர் நிலம் அவர்களுடையது என்று உச்சநீதிமன்றம் அறிவித்தது. கனடா வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட நிலத்தின் மீது பூர்வகுடி உரிமையை நீதிமன்றம் அறிவித்தது அதுவே முதன்முறை. நிஸ்கா மக்கள் 1913-இல் லண்டனுக்கு மனு அனுப்பினார்கள். அவர்களின் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2000-இல். மனு எழுதியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் தலை நரைத்திருக்கும்.

இத்தனை நாளுக்கும் கட்டணம் யார் கொடுப்பது? பிரிட்டிஷ் கொலம்பிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கு அரசு கொடுத்த நிதியில் 80 விழுக்காடு கடன். தன் நிலத்தைத் தான் கேட்பதற்கு, அந்த நிலத்தை வைத்திருப்பவனிடமே கடன் வாங்கி வழக்கறிஞருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது! பேச்சு இழுக்க இழுக்கக் கடன் ஏறியது. 2019-இல்தான் கனடா அரசு இந்தக் கடன்களைத் தள்ளுபடி செய்யவும், கட்டியவர்களுக்குத் திருப்பித் தரவும் 140 கோடி டாலர் ஒதுக்கியது. இதைக் கருணை என்று சொல்பவர்கள் கந்துவட்டிக்காரனையும் வள்ளல் என்பார்கள்.

ஆல்பர்ட்டாவின் பீவர் லேக் கிரீ மக்கள் 2008-இல் வழக்குத் தொடுத்தார்கள். எண்ணெய் மணலும் பிற தொழில்களும் சேர்ந்து, ஒப்பந்தம் உறுதியளித்த வேட்டைக்காடுகளைத் தின்றுவிட்டன என்பது முறையீடு. வழக்கு நடத்தப் பணமில்லை, முன்செலவுத் தொகை வேண்டும் என்று கேட்டார்கள். உங்களிடம்தான் வருமானம் இருக்கிறதே என்றது அரசுத் தரப்பு. ஆம், இருக்கிறது. அதை எடுத்தால் ஒழுகும் வீட்டுக்குக் கூரை இருக்காது. 2022-இல் உச்சநீதிமன்றம், ஒரு குடியின் அவசரத் தேவை எது என்பதை அந்தக் குடியின் பார்வையில் பார்க்க வேண்டும் என்று சரியாகவே சொன்னது. சொல்லிவிட்டு, பணத்துக்கு உத்தரவிடாமல் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. வழக்குப் போட்டு 14 ஆண்டுக்குப் பிறகும், வழக்கு நடத்தப் பணம் உண்டா என்பதே வழக்கு!

இந்த இடத்தில் இரண்டு குரல்கள் எழும். முதலாவது: “பூர்வகுடி வழக்கெல்லாம் வக்கீல்களுக்குத்தான் கொழுத்த வேட்டை.” ராபின்சன் ஹியூரன் ஒப்பந்த வழக்கைக் காட்டுவார்கள். 1850-ஆம் ஆண்டு ஒப்பந்தம். 1875 முதல் தலைக்கு ஆண்டுக்கு 4 டாலர். அது ஒரு நாளும் ஏறவில்லை. 2023-இல் 1,000 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பாடு வந்தது. அதில் வழக்கறிஞர் கட்டணம் 51 கோடி. அது அதிகம் என்று அந்தக் குடிகளுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்து நீதிமன்றம் வரை போனது. நியாயமான கேள்விதான். ஆனால் ‘ஜெயித்தால் பங்கு’ என்ற ஏற்பாடு எங்கிருந்து பிறக்கிறது? கையில் காசில்லாதவன்தான் விளைச்சலில் பங்கு எழுதிக்கொடுப்பான். எதிர்த்தரப்பில் நிற்கும் அரசு வழக்கறிஞருக்கு மாதச் சம்பளம் கருவூலத்திலிருந்து போகிறது. அதே கருவூலம் இந்தப் பக்கத்துக்கும் முன்கூட்டியே கொடுத்திருந்தால் அந்தப் பங்குக்கு வேலையே இல்லை.

இரண்டாவது குரல் நம் பக்கத்திலிருந்தே வரும்: “நிலம் சரி, பண்பாடு சரி. பூர்வகுடிக்கு எதற்குக் கம்பெனி, ஒப்பந்தம், வணிக வழக்கறிஞர்? அது முதலாளித்துவம் ஆயிற்றே!” தோழர்களே, இது அழகான உடை போட்டுவந்த பழைய வன்மம்.

நோவா ஸ்கோஷியாவில் டொனால்ட் மார்ஷல் என்ற மிக்மாக் மனிதர் 1993-இல் 463 பவுண்டு விலாங்கு பிடித்து 787 டாலர் 10 சென்டுக்கு விற்றார். செய்யாத கொலைக்கு ஏற்கெனவே 11 ஆண்டு சிறையிலிருந்தவர். விலாங்குக்காக மீண்டும் குற்றவாளிக் கூண்டு. 1999-இல் உச்சநீதிமன்றம் அவருக்கு மீன் பிடித்து விற்கும் உரிமை உண்டு என்றது. எவ்வளவு? ‘மிதமான பிழைப்பு’க்கு மட்டும், செல்வம் சேர்க்க அல்ல. சூத்திரன் பொருள் சேர்க்கக் கூடாது என்ற மனுவைப் படித்த நமக்கு இந்த வாசனை தெரியாதா? அந்த மிதமான பிழைப்புக்குக்கூட, 2020-இல் அவர்கள் தங்கள் விதிப்படி சிங்கி இறால் பிடித்தபோது, கும்பல் திரண்டு வந்தது. அவர்களின் இறால் வைத்திருந்த கிடங்கு எரிந்தது.

இந்தியர் சட்டத்தின் 89-ஆம் பிரிவின்படி ஒதுக்கீட்டு நிலத்திலுள்ள பூர்வகுடியின் சொத்தை வெளியாள் அடமானம் பிடிக்க முடியாது. நிலத்தைக் காப்பதற்கென்று சொல்லப்பட்ட அந்த வேலி, வங்கிக் கடனையும் வெளியே நிறுத்திவிட்டது. இந்தப் பூட்டைத் திறக்கவும் சட்டம் தெரிந்தவர்கள்தான் வேண்டியிருந்தார்கள். முதல்குடிகளுக்கென்று தனிச் சட்டத்தின் கீழ் அமைந்த நிதி ஆணையம் வழியாக 25 கோடி டாலர் திரட்டி, 2021-இல் மிக்மாக் குடிகள் கிளியர்வாட்டர் என்ற பெரிய கடலுணவு நிறுவனத்தில் பாதியை வாங்கினார்கள். விலாங்கு விற்றதற்குக் கூண்டில் ஏற்றப்பட்ட சமூகம் கப்பல்களுக்குப் பங்குதாரரானது. அதில் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு: லாபம் யாருக்கு, முடிவு யாருடையது? அவற்றை முதலில் கேட்க வேண்டியவர்கள் மிக்மாக் மக்கள். பூர்வகுடி என்றால் காட்டைக் காத்துக்கொண்டு ஏழையாகவே இருக்க வேண்டும் என்று விதிக்க நாம் யார்?

இது தொலைதூரக் கதையும் அல்ல. டொரோண்டோ நகரின் பெரும்பகுதி அடங்கிய சுமார் 2.5 இலட்சம் ஏக்கரை 1805-இல் பிரிட்டிஷ் அரசு 10 ஷில்லிங்குக்கு எழுதி வாங்கியது. மிசிசாகா மக்கள் 1986-இல் கோரிக்கை வைத்தார்கள், 14.5 கோடி டாலர் இழப்பீடு 2010-இல்தான் வந்தது. அந்த நகரத்தில் நம் தமிழர்கள் வீடு வாங்கியிருக்கிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், கோயில் கட்டியிருக்கிறார்கள். நிலத்துக்கு நன்றி சொல்லி விழாவைத் தொடங்குவது அங்கே வழக்கமாகிவிட்டது. நன்றி வாய்க்கு இலவசம். வழக்குக்குச் செலவாகும்.

ஆகவே கேட்க வேண்டியதை நேராகக் கேட்போம். நிலம், வளம், வணிகம் எதுவானாலும் பூர்வகுடிகளின் சட்டச் செலவை அரசு முன்கூட்டியே, கடனாக அல்லாமல் கொடுக்க வேண்டும். வழக்கறிஞரை அந்த மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும். விக்டோரியா பல்கலைக்கழகத்தில் 2018-இல் தொடங்கியதுபோல், பூர்வகுடிகளின் சொந்தச் சட்டங்களையும் சேர்த்துக் கற்பிக்கும் படிப்புகள் நாடெங்கும் வேண்டும். இதைச் சலுகை என்பவர்களுக்கு 141-ஆம் பிரிவை நினைவூட்டுங்கள். 24 ஆண்டுகள் வழக்கறிஞரைத் தடுத்த அரசு, அந்த வழக்கறிஞரின் கட்டணத்தைக் கடன்பட்டிருக்கிறது.