பொறை போடுங்கள்... முதலில் ஊசி போடுங்கள்!

டீக்கடைக்குப் போகிறீர்கள். டீயோடு ஒரு பொறை வாங்குகிறீர்கள். பாதியை நனைத்துச் சாப்பிட்டுவிட்டு, மீதியைக் காலடியில் வாலாட்டிக்கொண்டு நிற்கிற நாய்க்குப் போடுகிறீர்கள். கள்ளக்குறிச்சி சேலம் ரோடாகட்டும், கல்வராயன் மலைமேல் கரியாலூர், வெள்ளிமலை டீக்கடைகளாகட்டும்... விடியற்காலையில் எங்கேயும் இதே காட்சிதான்.

சென்னை, பெங்களூர் மாதிரி ஊர்களில் இப்போது நாயைக் கூடவே அழைத்துப் போய்க் காபி சாப்பிடுகிற கடைகள் வந்துவிட்டன. பத்திரிகையில் படத்தைப் பார்த்துவிட்டு, 'அடேயப்பா, நாய்க்கு வந்த வாழ்வைப் பாரு!' என்று வாய் பிளக்கிறோம். இதில் வாய் பிளக்க என்ன இருக்கிறது? சாப்பாட்டில் காக்கைக்கு ஒரு பிடி, நாய்க்கு ஒரு பிடி என்று எடுத்து வைத்த வீடுகள்தானே நம்முடையவை! நம்ம ஊர் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் நாய்க்கு என்றைக்குமே இடம் உண்டு.

இங்கிலாந்தில் பல மதுக்கடைகளில் வாசலிலேயே நாய்க்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பார்கள். எசமான் குடிக்கும்வரை நாய் மேஜைக்கு அடியில் படுத்திருக்கும். (மது விஷயத்தை இதோடு விட்டுவிடுவோம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்த ஊர் நம்முடையது. நமக்கு டீ போதும்.) அங்கே நாய் அப்படி நிம்மதியாகப் படுத்திருக்க ஒரு காரணம் இருக்கிறது. அந்த நாட்டு நாய்களிடம் ரேபிஸ் என்கிற வெறிநோய் 1922-லேயே ஒழிந்துவிட்டது. முதலில் நோயை ஒழித்தார்கள். அதனால் இன்றைக்கு நாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட அவர்களுக்குப் பயமில்லை.

நாம் பாசத்தை மட்டும் காட்டுகிறோம். நோயைப் பற்றி நினைப்பதில்லை. 2024-ல் மட்டும் தமிழ்நாட்டில் சுமார் 4.80 லட்சம் பேரை நாய் கடித்திருக்கிறது. ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர். ஒவ்வொருவரும் தடுப்பூசியால் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்!

'நம்ம கடை நாய் ஒண்ணும் பண்ணாது'

இப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பழகின நாய் கடிக்காது என்பது பெரும்பாலும் சரி. ஆனால் ராத்திரி எந்த நாயோடு சண்டை போட்டுக் கடி வாங்கிற்று என்று உங்களுக்குத் தெரியுமா? நோய் தொற்றிய நாய்க்கு வெறி வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே எச்சிலில் கிருமி வந்துவிடும். அப்போது அது வாலும் ஆட்டும், பொறையும் தின்னும்.

'தண்ணி குடிக்குதே, அப்புறம் எப்படி வெறி இருக்கும்?' என்று இன்னொரு கேள்வி. தண்ணீரைக் கண்டு மிரளுவது நோய் வந்த மனிதனுக்கு ஏற்படுகிற குறி. வெறிநாய் தண்ணீரைக் கண்டு பயப்படும் என்பது தப்பு. அது தண்ணீர் குடிக்கவும் வரும். இந்த ஒரு நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஊசி போடாமல் இருந்துவிடாதீர்கள்.

கடித்தால் என்னிடம் வராதீர்கள்!

ஒரு சித்த மருத்துவர் இப்படிச் சொல்கிறாரே என்று ஆச்சரியப்படாதீர்கள். சித்த மருத்துவக் கல்லூரியில் நஞ்சு நூல் என்று தனிப் பாடமே உண்டு. அதைப் படித்தவன் என்கிற முறையிலேயே சொல்கிறேன். நாய்க்கடிக்கு முதல் வைத்தியம் சோப்பும் தண்ணீரும், அடுத்தது தடுப்பூசி. நோய் முற்றி வெளியே தெரிந்துவிட்டால் எந்த மருத்துவத்திலும் குணமாக்கும் மருந்து கிடையாது. சித்தம், ஆயுர்வேதம், அலோபதி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

'ஐயா, சின்னக் கீறல்தான். சுண்ணாம்பு வச்சிட்டோம், பச்சிலை ஏதாச்சும் குடுங்க' என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், காப்பித்தூள் எதையும் காயத்தில் வைக்காதீர்கள். இவை கிருமியைக் கொல்லாது. காயத்தைப் புண்ணாக்கி, கிருமி உள்ளே போக வழி செய்துவிடும். மந்திரித்தால் மனசுக்கு வேண்டுமானால் தைரியம் வரும், கிருமிக்குக் காது கிடையாது! ஊமத்தை சேர்த்த மருந்து என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். ஊமத்தையே ஒரு விஷம். 'கத்திரிக்காய் ஆகாது, கோழி ஆகாது' என்கிற பத்தியமும் இதற்குத் தேவையில்லை.

செய்ய வேண்டியது இதுதான். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மலைக் கிராமத்தில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். பஸ் பிடித்துக் கீழே இறங்குவதற்கு நேரமாகும். குழாய் இல்லையென்றால் குடத்துத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றிக் கழுவுங்கள். அந்த 15 நிமிடம் பெரிய பாதுகாப்பு.

பிறகு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். தோலில் போடுகிற முறையில் கடித்த அன்றைக்கு, 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று நான்கு தடவை போக வேண்டும். ரத்தம் வந்த காயம் என்றால் அதைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட வேண்டும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புண் இருக்கிற இடத்தை நாய் நக்கினாலும் இதே சிகிச்சைதான். நாயை 10 நாள் கவனிப்பது நல்லதுதான். ஆனால் 'பத்து நாள் பார்த்துட்டு ஊசி போட்டுக்கலாம்' என்று காத்திருக்கக் கூடாது. நோய் பெரும்பாலும் 1 முதல் 3 மாதத்தில் வரும். சிலருக்கு ஒரு வருடம் கழித்தும் வரலாம்.

அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்களே, அந்தப் பயம் பல பெரியவர்களுக்கு இன்னும் போகவில்லை. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004-லேயே நிறுத்திவிட்டது. இப்போது கையில் போடுகிற சின்ன ஊசிதான்.

டீ மாஸ்டரால் முடியும்

இனி என் கருத்துக்கு வருகிறேன். நாய்க்குச் சோறு போடாதே என்று நான் சொல்ல மாட்டேன். தெருநாயைப் பிடிக்க நகராட்சி வண்டி வந்தால் நாய்கள் நாலு தெரு தள்ளி ஓடிவிடுகின்றன. ஆனால் தினமும் பொறை போடுகிற டீ மாஸ்டர் கூப்பிட்டால்? பக்கத்தில் வந்து தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கும்! சோறு போடுகிற அந்தக் கைதான் நாயைப் பிடித்து ஊசி போடவும் வசதியான கை. நாம் காட்டுகிற பாசத்தை இப்படிப் பயன்படுத்திக்கொண்டால் என்ன?

ஒரு பகுதியில் இருக்கிற நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோவா மாநிலம் வருடா வருடம் நாய்களுக்கு ஊசி போட்டே, 2021-ல் ரேபிஸ் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. கோவாவில் முடிந்தது நம்மால் முடியாதா?

ஓட்டல்காரர்களுக்கும் டீக்கடைக்காரர்களுக்கும் சில வேண்டுகோள்கள். உங்கள் கடையை நம்பி இருக்கிற நாய் எது, எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு தடவை கால்நடை மருத்துவமனையோடு பேசி ஊசி போட்டு, கழுத்தில் ஒரு பட்டையும் கட்டிவிடுங்கள். ஜூலை 6-ம் தேதியை ஒட்டிப் பல ஊர்களில் இலவச முகாம் நடத்துகிறார்கள். 1885-ல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் இந்த ஊசியைப் போட்ட நாள் அது. கருத்தடைக்கும் நகராட்சியிடம் சொல்லி வையுங்கள்.

மிச்சச் சோற்றை வாசலில் கொட்டாதீர்கள். ஓர் ஓரமாக, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வையுங்கள். தெருநாய்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் உணவு வைக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட் வளாகங்களில் இருக்கிற நாய்களை அகற்ற வேண்டும் என்று அதே ஆண்டு நவம்பர் 7 அன்று உத்தரவு வந்தது. ஆகவே அந்த இடங்களில் பொறை போடுவதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேகம் அருவி, பெரியார் அருவி பார்க்கக் கல்வராயன் மலைக்குக் காரில் போகிறவர்களே, பிரியாணிப் பொட்டலத்தின் மிச்சத்தை அப்படியே நாய்க்கு வீசாதீர்கள். வெந்த கோழி எலும்பு ஊசி மாதிரி உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். சாக்லேட் அதற்கு விஷம். வெறும் சோறு, வெறும் தண்ணீர் போதும். குழந்தையின் கையால் ஊட்டிவிடச் சொல்லிப் போட்டோ எடுக்காதீர்கள். தின்கிற நாயின் பக்கத்தில் குழந்தையை விடவே கூடாது.

வீட்டில் வளர்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'குட்டிதானே' என்று விட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிற கணக்கில் வருடந்தோறும். நாய்க்குத் தனித் தட்டு. தடவிக்கொடுத்த கையைக் கழுவாமல் சோற்றில் வைத்தால் குடற்புழு வரும்.

நாளைக் காலையில் டீக்கடைக்குப் போகும்போது, அந்த நாய்க்குப் பொறை போடுவதற்கு முன்னால் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'அண்ணே, இதுக்கு ஊசி போட்டாச்சா?' இல்லையென்றால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நாலு பேரும் சேர்ந்து ஒரு நாள் ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். செலவு உங்கள் ஒரு வார டீக்காசைத் தாண்டாது!