'47 ரோனின்': மந்திரக்காரி வந்தாள், கதை போய்விட்டது!

முந்நூறு வருடங்களாக ஒரு நாடே சொல்லிச் சொல்லி அலுக்காத கதை. 17.5 கோடி டாலர் பட்ஜெட். ஹீரோ கியானு ரீவ்ஸ். கூடவே ஹிரோயுகி சனாடா, தடானோபு அசானோ, ரிங்கோ கிகுச்சி என ஜப்பானின் முக்கியமான நடிகர்கள். இதற்கு மேல் ஒரு படத்துக்கு என்ன வேண்டும்?

ஆனால், 2013 டிசம்பரில் வெளியான '47 ரோனின்' உலகம் முழுக்க வசூலித்தது சுமார் 15 கோடி டாலர்தான். போட்ட பணமே திரும்பவில்லை. கதை பிறந்த ஜப்பானிலும் படம் எடுபடவில்லை.

ஓடாத படங்கள் எத்தனையோ இருக்கின்றன. இத்தனை வருடம் கழித்து இதைப் பற்றி மட்டும் ஏன் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. ஜப்பானுக்கு வெளியே பலருக்கு இந்தக் கதை அறிமுகமாவதே இந்தப் படம் வழியாகத்தான். பார்த்துவிட்டு, "ஓ, இதுதானா அந்தக் கதை?" என்று கடந்துபோய்விடுகிறார்கள். இது அந்தக் கதை இல்லை. அதுதான் வருத்தம்.

(படத்தின் முடிவு வரை பேசப்போகிறோம். ஸ்பாய்லர் வேண்டாம் என்பவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

நிஜத்தில் நடந்தது என்ன?

1701-ஆம் ஆண்டு. இன்றைய டோக்கியோவுக்கு அப்போது எடோ என்று பெயர். அங்கே ஷோகனின் கோட்டைக்குள், அகோ பகுதியின் பிரபு அசானோ நாகனோரி வாளை உருவி, கிரா யோஷினாக்கா என்ற மூத்த அதிகாரியை வெட்டிவிடுகிறார். கிரா காயத்தோடு தப்பிக்கிறார். அசானோ ஏன் வெட்டினார் என்பதற்கு உறுதியான பதில் இன்றுவரை இல்லை.

கோட்டைக்குள் வாளை உருவுவது பெருங்குற்றம். அன்றைக்கே 'செப்புகு' செய்துகொள்ளும்படி அசானோவுக்கு உத்தரவு வருகிறது. அதாவது, தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொண்டு சாக வேண்டும். சண்டை என்று வந்தால் இரு தரப்பையும் தண்டிப்பது அன்றைய வழக்கம். ஆனால் கிராவுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. அசானோவின் நிலமும் கோட்டையும் பறிமுதல் செய்யப்பட, அவரிடம் வேலை பார்த்த சாமுராய்கள் ஒரே நாளில் 'ரோனின்' ஆகிறார்கள். ரோனின் என்றால் தலைவன் இல்லாத சாமுராய்.

இங்கேதான் கதையே ஆரம்பிக்கிறது. அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஓய்ஷி குரானோசுகே உடனே பழிவாங்கக் கிளம்பவில்லை. எதிர்க்காமல் கோட்டையை ஒப்படைத்தார். பிரபுவின் தம்பி மூலமாகக் குடும்பத்தின் உரிமையை மீட்க முடியுமா என்று மனு மேல் மனு போட்டார். குடித்துக் கூத்தடிக்கிறார் என்று ஊர் பேசும்படி கியோட்டோ பக்கம் வாழ்ந்தார். வேவு பார்க்கிறவர்களை ஏமாற்றத்தான் இந்த நாடகம் என்று பிற்காலக் கதைகள் சொல்கின்றன.

சட்டப்படியான கடைசி வழியும் அடைபட்ட பிறகுதான், பனிக்கால இரவொன்றில் 47 பேரும் கிராவின் மாளிகைக்குள் புகுந்தார்கள். அவர் தலையைக் கொண்டுபோய் செங்காகுஜி கோயிலில் இருந்த பிரபுவின் கல்லறை முன் வைத்தார்கள். பிறகு தாங்களாகவே சரணடைந்தார்கள்.

இப்போது அரசாங்கத்துக்கு தர்மசங்கடம். விசுவாசத்தை சாமுராய்களுக்குப் போதித்ததே அரசுதான். ஆனால் இவர்கள் செய்ததோ சட்டப்படி கொலை. முரோ கியூசோ என்ற அறிஞர் இவர்களை தர்மவான்கள் என்று கொண்டாடினார். ஓகியூ சோராய் என்ற இன்னொரு அறிஞர், சொந்த விசுவாசத்துக்காகப் பொதுச் சட்டத்தை வளைக்க முடியாது என்றார். 'ஹகாகுரே' நூலின் கருத்துகளைச் சொன்ன யாமமோட்டோ சுனேதோமோ வேறு மாதிரி திட்டினார்: இவ்வளவு நாள் ஏன் காத்திருந்தார்கள், இடையில் கிரா நோய் வந்து செத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்?

கடைசியில் 1703-இல், ஒரே நாளில் 46 பேர் செப்புகு செய்துகொண்டார்கள். அவர்களில் ஓய்ஷியின் மகன் சிகாராவும் ஒருவன். ஜப்பானியக் கணக்கில் அவனுக்கு வயது 16.

படம் என்ன செய்தது?

படத்தில் மந்திரக்காரி இருக்கிறாள், பூதம் மாதிரி ஒரு ராட்சதன் இருக்கிறான், கிளைமாக்ஸில் டிராகனும் வருகிறது. விமர்சனங்கள் பெரும்பாலும் இதைத்தான் கிண்டல் செய்தன. ஆனால் நிஜமான சேதாரம் வேறு மூன்று இடங்களில் நடந்திருக்கிறது.

முதலாவது, வாளை உருவிய அந்த நொடி. படத்தில் அசானோ சுயநினைவோடு கிராவைத் தாக்குவதில்லை. மந்திரக்காரியின் மாயத்தில், தன் மகளை கிரா தாக்குவதாக நினைத்துப் பாய்கிறார். ஆக, அவர்மேல் தப்பே இல்லை. 'நம்ம தலைவர் செய்தது சரியா, தப்பா?' என்ற உறுத்தல் ரோனின்களுக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

இரண்டாவது, காத்திருப்பு. நிஜ ஓய்ஷி தானாக முடிவெடுத்துக் காத்திருந்தார். அவமானத்தையும் சுமந்தார். பட ஓய்ஷியைப் பிடித்து ஏறக்குறைய ஒரு வருடம் குழியில் அடைத்து வைத்துவிடுகிறார்கள். ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பதும், பூட்டி வைத்ததால் வெளியே வர முடியாமல் இருப்பதும் ஒன்றா?

மூன்றாவது, சிகாரா. படத்தின் முடிவில் அவனை மட்டும் ஷோகன் மன்னித்துவிடுகிறார். பார்க்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் நிஜத்தில் அந்தப் பையனும் செத்தான். பெற்ற மகனையும் கூட்டிக்கொண்டு, முடிவு தெரிந்தே ஒரு அப்பா அந்த மாளிகைக்குள் நுழைந்தார். இது வீரமா, வெறியா? முந்நூறு வருடங்களாக இந்தக் கதை கேட்கும் கேள்வியே இதுதான். படம் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டது.

மூன்றிலும் நடந்தது ஒன்றுதான். மனிதர்கள் எடுத்த முடிவுகளைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் மாயத்தையும் சங்கிலியையும் மன்னிப்பையும் வைத்திருக்கிறார்கள்.

'ஃபேண்டஸி படத்தில் வரலாறு தேடலாமா?'

நியாயமான கேள்வி. உண்மையைச் சொன்னால், ஜப்பானியர்களே இந்தக் கதையில் ஏகப்பட்ட கற்பனையைக் கலந்திருக்கிறார்கள். 1748-இல் ஒசாகாவில் அரங்கேறிய 'கனடெஹோன் சூஷிங்குரா' என்ற பொம்மலாட்ட நாடகம், தணிக்கைக்குப் பயந்து கதையை 14-ஆம் நூற்றாண்டுக்கே கொண்டுபோனது. ஓய்ஷியின் பெயர் ஓபோஷி ஆனது. சண்டைக்குக் காரணமாக, பிரபுவின் மனைவிமேல் வில்லனுக்கு ஆசை என்று ஒரு கிளைக்கதையைச் சேர்த்தார்கள். பிறகு அது கபுகி மேடைக்கும் போனது. இன்றும் நடிக்கப்படுகிறது.

பெயர் பொய், காலம் பொய், காரணமும் கற்பனை. ஆனாலும் விசுவாசத்துக்கு ஒரு மனிதன் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதில் மட்டும் அந்த நாடகம் கை வைக்கவில்லை. அதனால்தான் அது நிலைத்தது. ஆக, கற்பனை கலந்தது ஹாலிவுட்டின் குற்றம் இல்லை. எதில் கை வைக்கக் கூடாதோ அதில் கை வைத்ததுதான் குற்றம்.

வெளிநாட்டு ஹீரோதான் பிரச்சினையா?

கியானு ரீவ்ஸ் நடித்த 'காய்', பாதி ஜப்பானியர், பாதி ஆங்கிலேயர். சரித்திரத்தில் அப்படி ஒருவர் இல்லவே இல்லை. ஸ்டார் வேல்யூவுக்காகச் சேர்த்த பாத்திரம் என்பது பார்த்தாலே தெரிகிறது. டிராகனோடு மோதுவது அவர்தான். இதனால் ஓய்ஷி தன் கதையிலேயே இரண்டாவது ஆளாகிவிடுகிறார்.

ஆனால் வெளிநாட்டவர் இருப்பது மட்டுமே ஒரு படைப்பைக் கெடுத்துவிடாது. 2024-இல் வந்த 'ஷோகன்' தொடரைப் பாருங்கள். அதிலும் ஒரு ஆங்கிலேய மாலுமி வருகிறார். அதிலும் தொகுகாவா இயேயாசுவின் பெயரை தொரானாகா என்று மாற்றியிருக்கிறார்கள். ஆனால் வசனத்தில் பெரும்பகுதி ஜப்பானிய மொழியில். மாலுமி எல்லோரையும் காப்பாற்ற வந்த ரட்சகன் இல்லை. நடப்பது புரியாமல் விழிப்பவர். மாரிகோவும் தொரானாகாவும் எடுக்கும் முடிவுகள்தான் கதையை நகர்த்துகின்றன.

முதல் சீசனுக்கே 18 எம்மி விருதுகள். தொரானாகாவாக நடித்ததோடு, தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் இருந்தவர் யார் தெரியுமா? '47 ரோனின்' படத்தில் ஓய்ஷியாக நடித்த அதே ஹிரோயுகி சனாடா. முன்பு அவருக்குக் கிடைத்தது ஒரு வேஷம். இந்த முறை எதை எப்படிக் காட்டுவது என்று பேசும் இடத்திலும் அவர் இருந்தார்.

ஒரு படம் தோற்றால், 'இந்த மாதிரிக் கதையெல்லாம் உலக ரசிகர்களுக்குப் புரியாது' என்று கதையின் தலையில் பழியைப் போடுவது சுலபம். அந்தச் சாக்கு இனி செல்லாது என்று 'ஷோகன்' காட்டிவிட்டது.

அப்போ எதைப் பார்க்கலாம்?

ஹிரோஷி இனாகாகி 1962-இல் எடுத்த 'சூஷிங்குரா' நல்ல தொடக்கம். பொறுமை இருந்தால், கென்ஜி மிசோகுச்சி 1941-42-இல் இரண்டு பாகங்களாக எடுத்த படத்தையும் பாருங்கள். அதில் கிராவின் மாளிகைத் தாக்குதல் காட்டப்படவே இல்லை. நடந்து முடிந்த செய்தி மட்டுமே வந்து சேர்கிறது. மற்றவர்கள் கிளைமாக்ஸாக நினைக்கும் காட்சியையே அவர் விட்டுவிட்டார், கதை கொஞ்சமும் குறையவில்லை.

டோக்கியோவின் செங்காகுஜி கோயிலில் அந்தக் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. மக்கள் வந்து ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். ஓய்ஷியின் கல்லறை இருக்கும் அதே வளாகத்தில்தான் அவர் மகன் சிகாராவின் கல்லறையும் இருக்கிறது. படத்தில் அவனுக்குக் கிடைத்த மன்னிப்பு நிஜத்தில் கிடைக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டு இந்தக் கதைக்குள் போங்கள்.