அல்சேஷன் வாங்கப் போகிறீர்களா?

''திருட்டு பயம் ஜாஸ்தியாயிடுச்சு டாக்டர்! ஒரு அல்சேஷன் வாங்கிக் கட்டிடலாம்னு இருக்கேன்'' என்றார், சர்க்கரைக்கு மருந்து வாங்க வந்தவர். அந்தக் 'கட்டிடலாம்'தான் எனக்கு உறுத்தியது.

நாம் அல்சேஷன் என்று கூப்பிடும் ஜெர்மன் ஷெப்பர்ட், 1899-ல் ஜெர்மனியில் தனி இனமாகப் பதிவானது. ஆட்டு மந்தையைச் சுற்றி நாள் முழுக்க ஓடிய பரம்பரை. அதைச் சங்கிலியில் கட்டிப்போட்டால், ஓட வேண்டிய வேகமெல்லாம் குரைப்பாகவும் கோபமாகவும் மாறிவிடும். அப்புறம் கடிபடுவது திருடன்தான் என்று என்ன நிச்சயம்? பால்காரராகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

ஆண் நாய் 30 முதல் 40 கிலோ வரை இருக்கும். அது இழுத்தால் வீட்டுப் பெரியவர்களால் பிடிக்க முடியுமா? வருஷம் முழுக்க முடி கொட்டும். வீட்டில் இழைப்பு உள்ளவர்கள் இருந்தால் நன்றாக யோசியுங்கள். இரட்டை அடுக்கு ரோமம் என்பதால் சித்திரை வெயிலைத் தாங்காது. இடுப்பு மூட்டுக் கோளாறும் இந்த இனத்தில் சகஜம். குட்டியின் தாய், தகப்பன் நடையைப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கினால் வெறிநோய்த் தடுப்பூசி தவறவே கூடாது. யாரையாவது கடித்துவிட்டால், காயத்தை சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பச்சிலை வைத்துக் கட்டுகிற வேலையே வேண்டாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!

அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு மாதம், நாய் இல்லாமலே காலையும் மாலையும் நடந்து பாருங்கள். ஒரு நாள்கூட விடாமல் நடந்தீர்களா? தாராளமாகக் குட்டி வாங்குங்கள். முடியவில்லையா? வாசலுக்கு நல்ல பூட்டாக ஒன்று வாங்கிப் போடுங்கள்.