அலகின் நிறம் காட்டும் அடையாளம்

நம் நாட்டு வயல்களிலும் குளக்கரைகளிலும் காணப்படும் வெண்கொக்குகள் யாவும் ஓரினத்தவை அல்ல. அவற்றின் அலகை உற்று நோக்குங்கள். மேயும் மாடுகள் கிளப்பும் பூச்சிகளை உண்ணும் உண்ணிக்கொக்கின் அலகு குட்டையானது, மஞ்சள் நிறமுடையது. நீரில் மீன் தேடும் சின்னக்கொக்கின் அலகு நீண்டு மெலிந்தது, கரியது.

பெருங்கொக்கு, இடைத்தரக் கொக்கு ஆகிய இரண்டின் அலகும் பெரும்பாலும் மஞ்சளே. ஆயினும் இனப்பெருக்கக் காலத்தில் கருமையாகிவிடும். ஆகவே, கரிய அலகைக் கண்ட மாத்திரத்தே சின்னக்கொக்கென்று துணிதல் கூடாது. பாதங்களையும் பாருங்கள். கரிய கால்களில் மஞ்சட் பாதங்கள் தோன்றின் அது சின்னக்கொக்கு. ஏனைய இரண்டின் பாதங்களும் கரியவை.

மாணவர்களே, குறிப்பேட்டில் அலகின் நிறத்தோடு பாதத்தின் நிறத்தையும் கண்ட மாதத்தையும் எழுதி வையுங்கள். ஓர் அடையாளத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாமையே பறவை நோக்குவோர்க்கு முதற்பாடம்.