எடைக்கு முன் லென்ஸைப் பாருங்கள்

விசா கைக்கு வந்து விமானச் சீட்டும் உறுதியானதும், வெளிநாட்டுப் பயணத்துக்குத் தயாராகும் பலர் தேடத் தொடங்குவது எடை குறைந்த, ஆனால் படம் நன்றாக வரும் ஒரு கேமராவை. விளம்பரங்களில் கேமரா உடலின் எடை கிராம் கணக்கில் இருக்கும். மெகாபிக்சல் எண்ணிக்கை பெரிய எழுத்தில் இருக்கும். சென்சாரின் அளவும் தவறாமல் இருக்கும். இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, உடல் இலேசாகவும் சென்சார் பெரிதாகவும் உள்ள ஒரு மிரர்லெஸ் கேமராவை, அதனுடன் சேர்த்து விற்கப்படும் கிட் லென்ஸோடு வாங்கிவிடுகிறோம். பார்வைக்கு நியாயமான முடிவுதான். ஆனால் பயணம் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது லென்ஸைப் பற்றி. பையின் எடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் லென்ஸ்தான். மங்கிய வெளிச்சத்தில் படம் தேறுமா என்பதையும், ஏற்கெனவே சட்டைப்பையில் இருக்கும் கைபேசியைவிட இந்தக் கேமரா எதையாவது கூடுதலாகத் தருமா என்பதையும் தீர்மானிப்பதும் அதுதான்.

எடையிலிருந்தே தொடங்கலாம். சோனியின் ஏ7 ஃபோர் 658 கிராம். ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு இது அதிகமில்லை. அதனுடன் தொழில்முறைக் கலைஞர்கள் விரும்பும் 24-70 எஃப் 2.8 ஜூமின் இரண்டாம் பதிப்பைச் சேர்த்தால் 695 கிராம் கூடும். தொலைவுக்காக 70-200 எஃப் 2.8 லென்ஸையும் எடுத்துக்கொண்டால் இன்னும் 1,045 கிராம். மொத்தம் 2 கிலோ 400 கிராமை நெருங்குகிறது. இதில் உடலின் பங்கு கால்வாசியைச் சற்றே தாண்டும். பல விமான நிறுவனங்கள் சாதாரண வகுப்பில் அனுமதிக்கும் கைப்பை எடை 7 கிலோதான். உடையக்கூடிய லென்ஸ்களை சரக்குப் பெட்டியில் போட யாருக்கும் மனம் வராது. உதிரி லித்தியம் பேட்டரிகளை அங்கே போடவே கூடாது என்பது விமானப் பாதுகாப்பு விதி. ஆக, கைப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேமராவுக்கே போய்விடும். உடலில் 150 கிராம் குறைத்து வாங்குவதால் இந்தக் கணக்கில் பெரிய மாற்றம் வராது. எந்த லென்ஸ்களை வீட்டில் விட்டுச் செல்கிறோம் என்பதால் வரும்.

ஐரோப்பாவின் பழைய நகரங்களை எடுத்துக்கொள்வோம். அங்கே பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி நடந்து பார்க்க வேண்டியவை. ஃபுளோரன்ஸ் பேராலயத்தில் புருனெலெஸ்கி எழுப்பிய குவிமாடத்தின் உச்சிக்கு 463 படிகள். மின்தூக்கி கிடையாது, படிக்கட்டு குறுகலானது, முதுகுப்பையைக் கீழேயே ஒப்படைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ரோமில் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்துக்கு 551 படிகள். லூவர் அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்கூடங்களில் படம் எடுக்கலாம், ஆனால் ஃபிளாஷும் முக்காலியும் கூடாது. இத்தகைய இடங்களில் கழுத்தில் தொங்கும் ஒன்றரைக் கிலோ மாலைக்குள் எரிச்சலாகிவிடும். மறுநாள் அது விடுதி அறையிலேயே தங்கிவிடும். பயணிக்குத் தேவை, முழு நாளும் கையிலோ தோளிலோ இருந்தாலும் உறுத்தாத, கருங்கல் மண்டபத்தின் அரையிருட்டிலும் முக்காலியின்றிப் படம் தரக்கூடிய கருவி. இந்த இரண்டு தேவைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை என்றுதான் பலரும் நம்புகிறார்கள்.

கையடக்கக் கேமராவின் வரலாறு அந்த நம்பிக்கைக்கு எதிராகவே நிற்கிறது. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக்குக்கு ஆஸ்துமா தொல்லை இருந்தது. கண்ணாடித் தகடுகளோடு கூடிய பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு நடப்பது அவருக்குக் கடினம். சினிமாப் படச்சுருளைப் பக்கவாட்டில் ஓடவிட்டு 24-க்கு 36 மி.மீ. சட்டகத்தில் பதிவுசெய்யும் சிறிய கருவியை முதல் உலகப் போருக்குச் சற்று முன் அவர் செய்து பார்த்தார். 1925-இல் லைப்ஸிக் சந்தையில் லைக்கா என்ற பெயரில் அது விற்பனைக்கு அறிமுகமானது. அந்தச் சிறு சட்டகத்திலிருந்து பெரிய படத்தை நம்பி எடுக்க முடிந்ததற்குக் காரணம், மாக்ஸ் பெரெக் அதற்கென்று வடிவமைத்த லென்ஸ். உடலைச் சிறிதாக்கியது முதல் படி. லென்ஸ் தேறியதால்தான் அந்தச் சிறிய உடலுக்குப் பயன் வந்தது. இன்று ஃபுல் ஃப்ரேம் என்று நாம் சொல்லும் அளவும் பார்னாக் தேர்ந்த அதே 24-க்கு 36 தான்.

இன்றைய கேமராக்களுக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். அதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். லென்ஸின் முகப்பில் அதன் உண்மையான குவியத் தூரமும் எஃப் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், ஒளி உள்ளே நுழையும் வாயின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியை ஒரே ஷட்டர் நேரத்தில் எடுக்கும்போது, அந்தக் காட்சியிலிருந்து எவ்வளவு ஒளி கேமராவுக்குள் வருகிறது என்பது இந்த வாயின் பரப்பைப் பொறுத்தது. ஒளி குறைந்தால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும். பெரிய சென்சாருக்குப் பெயர் கிடைத்ததும் இதனால்தான். அதே கோணத்தைப் பார்க்கப் பெரிய சென்சாருக்கு நீண்ட குவியத் தூரம் தேவை. எஃப் எண் மாறாமலிருந்தால் வாயும் பெரிதாகும். எஃப் எண்ணைக் கூட்டி லென்ஸைச் சுருக்கிவிட்டால் அந்த அனுகூலம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

கேனன் ஆர்50 இந்தியாவில் பயணிகள் பலர் பரிசீலிக்கும் கேமரா. பேட்டரியோடு 375 கிராம், கிட் லென்ஸான 18-45 ஜூம் 130 கிராம். அகன்ற கோணத்தில் அந்த லென்ஸ் 18 மி.மீ., எஃப் 4.5. வகுத்தால் 4 மி.மீ. இப்போது ஐபோன் 15 ப்ரோவின் முதன்மை கேமராவைப் பாருங்கள். உண்மையான குவியத் தூரம் ஏறக்குறைய 6.8 மி.மீ., எஃப் 1.78. விடை 3.8 மி.மீ. சென்சாரின் பரப்பில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தும், தேவாலயத்துக்குள் அகன்ற காட்சி ஒன்றை எடுக்கும்போது இரண்டுக்கும் கிடைக்கும் ஒளி ஏறக்குறைய ஒன்றுதான். அதோடு கைபேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கித் தன் குறையையும் ஈடுகட்டிக்கொள்கிறது. ஜூமை நீட்டினால் கிட் லென்ஸ் முந்தும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 45 மி.மீ.யில் அதன் வாய் 7 மி.மீ.; அந்தக் கைபேசியின் மூன்று மடங்கு லென்ஸுக்கு 3 மி.மீ.க்குச் சற்று மேல். ஆனால் முதன்முதலாகக் கேமரா வாங்குகிறவர் வித்தியாசத்தை எதிர்பார்ப்பது இருண்ட மண்டபங்களிலும் இரவுத் தெருக்களிலும்தான். அங்கேதான் அவர் ஏமாறுகிறார்.

இதே கணக்கை வேறு கேமராக்களில் போட்டுப் பார்த்தால் தேர்வு தெளிவாகிறது. 2019-இல் வந்த ரிக்கோ ஜிஆர் த்ரீ பேட்டரியும் கார்டும் சேர்ந்து 257 கிராம். கழற்ற முடியாத 18.3 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ், வாய் 6.5 மி.மீ. கிட்டத்தட்ட அதே கோணத்தில், எஃப் 4 ஜூம் பொருத்திய ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்குக் கிடைப்பது 7 மி.மீ. ஒரு கிலோவைத் தொடும் அமைப்பு தருவதற்கு மிக அருகில், கால் கிலோ கருவி ஒன்று வந்து நிற்கிறது! ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 சிக்ஸ் 521 கிராம், 23 மி.மீ. எஃப் 2 லென்ஸுக்கு 11.5 மி.மீ. வாய். ஆர்50-இன் கிட் லென்ஸை அதே கோணத்தில் வைத்து ஒப்பிட்டால் ஆறேழு மடங்கு ஒளி. இரண்டு அமைப்புகளுக்கும் எடை வித்தியாசம் பதினாறு கிராம்தான்.

சட்டைப்பையில் அடங்கும் சோனி ஆர்எக்ஸ்100 வரிசை ஒரு நல்ல பாடம். 2014-இல் வந்த மூன்றாம் பதிப்பின் லென்ஸ், ஃபுல் ஃப்ரேம் கணக்கில் சொன்னால், 24-70 மி.மீ. கோணம்தான், ஆனால் அகன்ற முனையில் எஃப் 1.8; வாய் 4.9 மி.மீ. 2019-இல் வந்த ஏழாம் பதிப்பு அதே கணக்கில் 24-200 வரை நீள்கிறது, அதற்காக எஃப் 2.8 ஆகச் சுருங்கியது, வாய் 3.2 மி.மீ. எடை இரண்டுக்கும் 300 கிராமை ஒட்டித்தான். இருண்ட இடங்களுக்கு ஐந்தாண்டு பழையதே மேல். ஆனால் ஏழாம் பதிப்பின் நீண்ட முனையில் உண்மையான குவியத் தூரமான 72 மி.மீ.யை எஃப் 4.5-ஆல் வகுத்தால் 16 மி.மீ. வருகிறது. கோபுர உச்சிச் சிற்பத்தையோ ஆற்றின் மறுகரையில் நடக்கும் மனிதரையோ எடுக்க எந்தக் கைபேசியும் அதன் பக்கத்தில் வராது. புதியது, விலை கூடியது என்பதற்காக ஏழாம் பதிப்பை வாங்கிச் சென்று மாலை வெளிச்சத்தில் குறைபட்டுக்கொள்வதில் பயனில்லை. அதன் பலம் தொலைவில் இருக்கிறது.

அப்படியானால் கைபேசியே போதுமே என்ற வாதத்தை மதிக்க வேண்டும். நல்ல வெயிலில், அகன்ற காட்சிக்கு, வீட்டாருக்கு அன்றே அனுப்பும் படத்துக்கு அது போதும். அதற்கு மேல் தேவையில்லாதவர் பணத்தை வேறெதற்காவது செலவிடலாம். ஆனால் கைபேசியின் வெற்றி பெரும்பாலும் அசையாத காட்சிகளில் கிடைப்பது. பல படங்களை ஒன்றாக்கும் உத்தி, நடந்துகொண்டிருக்கும் மனிதர்கள் இருக்கும் இடத்தில் தடுமாறும். கேமராவுக்குள் உள்ள அதிர்வுத் தடுப்பும் அப்படியே. அது நம் கையின் நடுக்கத்தைத் தாங்குமே தவிர, எதிரே ஓடும் குழந்தையை நிறுத்தாது. வெளிநாட்டுத் தெருவில் நாம் எடுக்க ஏங்குவது மனிதர்களைத்தான் என்றால், அங்கே வாயகன்ற லென்ஸுக்கு மாற்று கிடையாது.

வாழ்நாளில் ஒருமுறை போகிறோம், இருப்பதிலேயே உயர்ந்த தரத்தைக் கொண்டுபோக வேண்டாமா என்று கேட்பவர்கள் மனத்தில் பெரும்பாலும் மெகாபிக்சல்தான் இருக்கிறது. ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்துக்கு 87 லட்சம் பிக்சல்கள் போதும். 4கே தொலைக்காட்சியின் திரை முழுவதும் 83 லட்சம்தான். மேலே சொன்ன கேமராக்கள் எல்லாமே இரண்டு கோடிக்கு மேல் தருகின்றன. பயணப் படங்கள் கெடுவது கை அசைந்ததால், வெளிச்சம் போதாததால், கேமராவை எடுத்துப் போகாததால்.

ஒரே கோணத்தில் கட்டுண்டு கிடப்பதா என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். ஜூம் இல்லாமல் முதல் இரண்டு நாள் தவிப்பு இருக்கும் என்பது உண்மை. எனினும் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தன் வாழ்நாளில் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸோடுதான் உலகைச் சுற்றினார். 1947-48 இந்தியாவின் அவரது படங்கள் நமக்கே சாட்சி. ராபர்ட் ஃப்ராங்க் 1955-இல் தொடங்கி அமெரிக்காவெங்கும் எடுத்து நூலாக்கிய படங்களும் சிறிய லைக்காவில் எடுத்தவையே. அவர்களின் திறமை நமக்கு வந்துவிடாது. ஆனால் ஒரு கோணம் பழகிவிட்டால் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கால்களே கற்றுக்கொள்ளும் என்பது எவருக்கும் பொருந்தும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, உள்ளூர்ச் சந்தையிலும் கோயில் பிராகாரத்திலும் பழகிப் பார்ப்பது நல்லது.

இந்த வாதம் பொருந்தாத பயணம் ஒன்று உண்டு. கென்யாவின் மாசாய் மாராவுக்கு விலங்குகளைப் பார்க்கப் போகிறவருக்குத் தொலைவே எல்லாம். அங்கே கால் கிலோக் கேமரா உதவாது. ஆனால் அங்கே சுமப்பது வண்டி. நாள் முழுக்கத் தோளில் தூக்கி நடப்பதில்லை. 600 மி.மீ. கோணம் வரை போகும் சோனி ஆர்எக்ஸ்10 ஃபோர் போன்ற ஒரு கிலோக் கருவியோ, 100-400 லென்ஸோ அங்கே முற்றிலும் நியாயமான சுமை. அதே கருவியோடு திரும்பும் வழியில் பாரிஸில் இறங்கினால்தான் அது பாரமாகும்.

சிறிய கேமராவுக்கு அதற்கே உரிய குறைகளும் உண்டு. ஜிஆர் த்ரீயின் பேட்டரி ஒருமுறை ஏற்றினால் 200 படங்கள் என்பதே நிறுவனத்தின் கணக்கு. உதிரி பேட்டரி இல்லாமல் கிளம்பக் கூடாது. வெயிலில் திரை மங்கும்போது கண் வைத்துப் பார்க்க வியூஃபைண்டரும் அதில் இல்லை. சார்ஜர் விஷயம் மட்டும் எளிதாகியிருக்கிறது: ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் டிஜிட்டல் கேமராக்களுக்கும் யுஎஸ்பி-சி இணைப்பைக் கட்டாயமாக்கியதால், புதிய கேமராவுக்கும் கைபேசிக்கும் ஒரே கம்பி போதும். விலை உயர்ந்த கேமராவோடு போகிறவர்கள் புறப்படும் விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொண்டால், திரும்பும்போது அது அங்கே வாங்கியதா என்ற கேள்வி எழாது.

விலைதான் மிச்சமிருக்கும் தடை, அதுவும் சிறியதல்ல. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010-இல் 12 கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள், 2023-இல் 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. கைபேசி விழுங்கியது மலிவான சிறிய கேமராக்களை. எஞ்சியவை விலை ஏறிவிட்டன. எக்ஸ்100 சிக்ஸ் அமெரிக்காவில் அறிமுகமானபோது கிட் லென்ஸோடு கூடிய ஆர்50-ஐப் போல இரு மடங்கு விலை. அவ்வளவு கொடுக்க முடியாதவரும் கைபேசியோடு நின்றுவிட வேண்டியதில்லை. அதே ஆர்50-க்கு கேனன் 2023-இல் கொண்டுவந்த 28 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் 120 கிராம், கிட் லென்ஸைவிட 10 கிராம் குறைவு. அதன் வாய் 10 மி.மீ. கோணம் சற்றுக் குறுகலாக, ஃபுல் ஃப்ரேமின் 45 மி.மீ.க்கு நிகராக இருக்கும். மனிதர்களுக்கு அது நல்ல கோணம்தான், அகன்ற மண்டபங்களைக் கைபேசி பார்த்துக்கொள்ளும். கடையில் கிட்டாகத்தான் தருவோம் என்றால் கிட்டாகவே வாங்கி, அந்த ஜூமை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, இந்தச் சிறிய லென்ஸை மட்டும் மாட்டிக்கொண்டு விமானம் ஏறலாம்.