ஒரு 'செட்' படுத்தும் பாடு
(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். நமக்குக் கவிதை வராது. காதலைப் பற்றியும் நிலாவைப் பற்றியும் எழுத நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமும் இல்லை. ஆகவே நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். ஆங்கிலத்தில் மூன்று எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டே எழுத்து. 'செட்'.

முதலாண்டு கணக்கு வகுப்பு. சேர்ந்து எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ. பாடம் தொடங்குமுன் பழசை ஞாபகப்படுத்த, "செட் என்றால் என்ன?" என்று சார் ஆங்கிலத்தில் கேட்டார். வகுப்பு கப்சிப். என் பக்கத்தில் இருந்தவன் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பையன். தமிழ் மீடியம். நானும் அப்படித்தான். சார் கை அவன் பக்கம் நீண்டது. எழுந்தான். நெற்றியைத் துடைத்தான். "பம்பு செட் சார்" என்றான்.

வகுப்பே சிரித்தது. சாரும் லேசாகச் சிரித்துவிட்டார். நானும்தான் சிரித்தேன். எனக்கும் விடை தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை!

நாலைந்து நாள் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே 'கண மொழி'. அந்தக் கணம்தான் இந்த செட்! சேர்ப்பு, வெட்டு, வென்படம் எல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணி பட்ட பாடு. வென்படம் போடுவதில் அவன் என்னைவிடக் கெட்டி. பாடம் தெரியும், பெயர்தான் தெரியாது. வீட்டு ஆளையே வேறு சட்டையில் பார்த்து அடையாளம் தெரியாமல் நின்ற கதை.

முதல் செமஸ்டர் பரீட்சைக்கு முன்பே அவன் நின்றுவிட்டான். கடைசி நாள் பஸ் ஸ்டாண்டில் என்னிடம் சொன்னது: "மச்சி, எனக்கு இது செட் ஆவாதுடா." பாருங்கள், அங்கேயும் அதே சொல்!

அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை. எங்கே கேட்டாலும் காது நிமிர்ந்துகொள்ளும். ஆங்கிலேயர்களே இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியவர்கள்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430-க்கும் மேல் பொருள். அகராதியிலேயே நீளமான பதிவு அதுதானாம். இப்போது திருத்திவரும் பதிப்பில் 'ரன்' அதை முந்திவிட்டது, 645 பொருள் என்று 2011-இல் செய்தி வந்தது. அவர்கள் நாட்டிலேயே அகராதிக்காரர்கள் வருஷக்கணக்காக உட்கார்ந்து எண்ணிய சொல்லுக்கு, சேர்ந்த ஒன்பதாம் நாள் என் நண்பன் ஒரு பொருள் சொன்னான். அதுவும் தப்பில்லாத பொருள். அதற்குத்தான் நாங்கள் சிரித்தோம்.

இதைவிட ஆச்சரியம் எங்கள் வீட்டில் இருக்கிறது. எங்கள் அம்மாவுக்குக் கையெழுத்து போட மட்டும்தான் தெரியும். ஆனால் 'செட்' என்ற சொல்லை அவர்கள் புழங்குகிற அழகைக் கேட்க வேண்டும். நடவுக்குப் போனால் "எங்க செட்டு ஆளுங்க". தீபாவளிக்கு "ரெண்டு செட்டு துணி". கல்யாண வீட்டில் "மைக் செட்டு காது கிழியுது". புது மருமகளைப் பற்றி "மாமியாருக்கும் அதுக்கும் செட் ஆவல". வீட்டுக்கு முன்னால் சிமெண்ட் தரை போட்டபோது "மிதிக்காதடா, இன்னும் செட் ஆவல". ஐந்து இடம், ஐந்து பொருள், ஒன்றில்கூட அம்மா தடுமாறியதில்லை. அர்த்தம் மனப்பாடம் செய்து வந்ததல்ல. வேலையோடு சேர்ந்து வந்தது.

ஒர்க்‌ஷாப்பில் இதற்கு ஒரு சாட்சி கிடைத்தது. பிட்டிங் செக்‌ஷனில் இன்ஸ்ட்ரக்டர், "ஹேக்ஸா பிளேடுல செட் இருக்குதா பாரு" என்றார். வகுப்பில் ஆங்கிலம் பொளந்து கட்டும் நண்பன் ஒருவன், இங்கிலீஷ் மீடியம், ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து பிளேடுகளை எண்ண ஆரம்பித்துவிட்டான்! இன்ஸ்ட்ரக்டர் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு பிளேடை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பற்கள் இடமும் வலமுமாகச் சாய்த்து விடப்பட்டிருக்கும். அந்தச் சாய்வுக்குப் பெயர்தான் செட். அது இருந்தால்தான் வெட்டு பிளேடின் கனத்தைவிட அகலமாக விழும், பிளேடு உள்ளே மாட்டாது. செட் தேய்ந்துபோன பிளேடை அழுத்தினால் பட்டென்று ஒடியும். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய அந்த அரை நிமிஷத்தில் இங்கிலீஷ் மீடியம், தமிழ் மீடியம் இரண்டு பேருக்கும் ஒன்றாகப் புரிந்தது.

இது வெறும் வார்த்தை விளையாட்டு என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 அக்டோபர் 11 இரவு எங்கள் கவரப்பேட்டை ஸ்டேஷனில் மைசூரு - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. சிக்னல் கிடைத்தது மெயின் லைனுக்கு. வண்டி புகுந்தது லூப் லைனில். வண்டி எந்தப் பாதையில் போக வேண்டுமோ அதற்குத் தண்டவாளப் பாயிண்டுகளைத் திருப்பிப் பூட்டுவதற்கு ரயில்வேக்காரர்கள் வைத்திருக்கும் சொல்லும் 'ரூட் செட்' என்பதுதான். ஒரு சொல் அந்தத் தொழிலில் எதைக் குறிக்கிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இரண்டாம் ஆண்டில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் படித்தபோது 'பர்மனென்ட் செட்' வந்தது. கம்பியை ஓர் அளவு வரை இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். மீள்தன்மை எல்லையைத் தாண்டி இழுத்துவிட்டால், பாரத்தை எடுத்த பிறகும் கொஞ்சம் நீண்டபடியே நின்றுவிடும். அப்படி நின்றுவிட்ட நீட்சிதான் பர்மனென்ட் செட். அந்தப் பாடம் நடந்த நாள் முழுக்க எனக்கு ஊத்துக்கோட்டை நண்பன் ஞாபகம்தான்.

சிவில் பிரிவு நண்பன் ஒருவன் தன் லேபில் சிமெண்டுக்கு விகாட் ஊசி வைத்துச் சோதிப்பதைக் காட்டினான். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் தண்ணீர் விட்டு 30 நிமிஷத்துக்குள் இறுக ஆரம்பிக்கக் கூடாது. முழுசாக இறுகி முடிக்க 600 நிமிஷம் வரை, அதாவது பத்து மணி நேரம் வரை விடலாம் என்பது இந்தியத் தரக்கணக்கு. சிமெண்டுக்கே இவ்வளவு அவகாசம்! பதினைந்து வயதில் முதல்முறையாக இங்கிலீஷ் பாடத்தைப் பார்க்கும் பையனுக்கு நாம் கொடுத்தது ஒரு நிமிஷம்கூட இல்லை.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சிப்காட்டில் எந்த கேட்டுக்குப் போனாலும் டிராயிங் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. மெஷினில் எரியும் எழுத்தும் அதுதான். எங்கள் நைனா பதினாறு வருஷமாக ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் லோடு ஏற்றுகிறார். கேட்டுக்கு உள்ளே மெஷினுக்கு செட்டிங் போடும் 'செட்டர்' என்ற ஆளைப் பற்றி அவர் பேசும்போதே குரலில் ஒரு மரியாதை வரும். "நீ செட்டர் ஆயிடணும்டா" என்பார். அதற்கு மேலும் டிப்ளமோவுக்கு வேலை உண்டு என்று நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. ஆங்கிலம் வேண்டும். அகராதி அர்த்தத்தை மனப்பாடம் பண்ணும் ஆங்கிலம் அல்ல. பொருளைக் கையில் பிடித்து, பள்ளியில் படித்த தமிழ்ப் பெயரையும் பக்கத்தில் வைத்துக் கற்கும் ஆங்கிலம்.

முதலாண்டுக்கு முதல் ஒரு மாதம் இப்படி நடக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆசிரியர்களுக்குப் பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை, அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இது சீனியர்கள் வேலை. (நம் சங்கத்துக்கு 'யூனியன்' என்று பெயர். கண மொழியில் யூனியன் என்றால் சேர்ப்பு. இரண்டு கணத்திலும் உள்ள யாரையும் விட்டுவிடாமல் சேர்ப்பது! இதைப் பேரவைக் கூட்டத்தில் சொன்னேன், கை தட்டினார்கள். நிதி கேட்டபோது தட்டவில்லை.) நிதி இல்லாமலே செய்யலாம். செவ்வாய், வியாழன் மாலை ஒரு மணி நேரம், ஒர்க்‌ஷாப் பக்கத்துத் தகரக் கொட்டகை. கழித்துப்போட்ட பிளேடு, டூல், பேரிங், ஒரு கரும்பலகை. மூன்று வாரமாக நடக்கிறது. முதல் நாள் நாலு பேர், போன வாரம் பதினோரு பேர்.

போன மாதம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இண்டஸ்ட்ரியல் விசிட் முடிந்து டீக்கடையில் நின்றோம். ஷிப்ட் விட்ட கூட்டத்தில் தோளில் ஒரு கை. அவனேதான்! நீலச் சட்டை, கிரீஸ் கறை, ஆள் கறுத்திருந்தான். படிப்பை விட்டதும் ஊரில் ஒரு பம்பு செட் மெக்கானிக்கிடம் இரண்டு வருஷம் இருந்தானாம். மோட்டாருக்கு காயில் கட்டத் தனியாகவே தெரியும் என்றான். பதினெட்டு முடிந்ததும் இங்கே கான்ட்ராக்டில் சேர்ந்து, சி.என்.சி. மெஷினில் ஒரு செட்டருக்கு ஹெல்பர்.

நான் அன்று சிரித்ததைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். அவன் விடவில்லை. "அத்த உடு மச்சி. செட்டர் அண்ணன் டூல் ஆப்செட், ஆப்செட்னு சொல்றாரு. நம்பர் போடறாரு, நானும் பார்க்கறேன். அது இன்னாடா?"

எனக்குப் புத்தக வரையறை தெரியும். சொன்னால் அவன் பழையபடி நெற்றியைத் துடைப்பான். இரண்டு டீ கிளாஸை எடுத்து பெஞ்சில் வைத்தேன். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. "இது ரெண்டும் டூலுன்னு வெச்சிக்க. நெட்டை எவ்வளவு நீளம், குட்டை எவ்வளவு நீளம்னு மெஷினுக்குத் தெரியாது. வித்தியாசத்தை நாமதான் சொல்லணும். சொல்லலேன்னா குட்டைக்குப் போற மாதிரியே நெட்டையையும் இறக்கும், போய் முட்டிக்கும்." அவன் குனிந்து இரண்டு கிளாஸின் விளிம்பையும் விரலால் அளந்தான்.

"அப்ப அந்த நம்பரு இந்த எச்சுதானா!" என்றான்.

ஆமாம், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை கொட்டகையைப் பற்றிச் சொன்னேன். வெளி ஆள் வரலாமா என்று கேட்டான். ஏ ஷிப்ட் வாரத்தில் மதியத்துக்கு மேல் ஓய்வாம். வரட்டும் என்று சொல்லிவிட்டேன், யாரையும் கேட்கவில்லை. முதலாண்டு நண்பர்களே, மோட்டார் காயில் கட்டுவதை அவன்தான் உங்களுக்குக் காட்டப் போகிறான்.