கருமேகத்தின் கருமை புகையல்ல

அரியலூர் வானில் ஐப்பசி மேகம் கருப்பது சிமெண்ட் ஆலைப் புகையால்தான் என்ற வாதம் தவறு. ஆலை ஒன்றுகூட இல்லாத நடுக்கடலிலும் மழைமேகம் இதே கருமையோடுதான் திரள்கிறது. மேகத்துளியின் விட்டம் ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர். ஒளியின் அலைநீளத்தைவிட இது பல மடங்கு பெரிது. அதனால் எல்லா நிறங்களையும் ஏறக்குறையச் சமமாகச் சிதறடிக்கிறது, மேகம் வெளுத்துத் தெரிகிறது. அதே மேகம் சில கிலோமீட்டர் தடித்துவிட்டால் வெயிலின் பெரும்பகுதி மேலேயே திரும்பிவிடும். அடிப்புறத்துக்கு வந்துசேரும் ஒளி சொற்பம். கீழே நிற்பவர் கருமையாகக் காண்பது இந்த நிழலைத்தான். விமானத்திலிருந்து பார்த்தால் அதன் உச்சி கண் கூசும் வெண்மை.

தூசிக்குப் பங்கு உண்டு. நீராவி தூசியைப் பற்றிக்கொண்டே துளியாகிறது. தூசி மிகுந்தால் துளிகள் சிறுத்துப் பெருகும். மேகத்தின் மேற்புறம் இன்னும் வெளுக்கும். மேகத்துக்குக் கரிய சாயம் ஏற்றுவது அதன் வேலையல்ல. ஆலைப் புகை மூச்சுக்குக் கேடு. அதைக் கண்டிக்க அந்த ஒரு காரணமே போதும்.

பச்சைமலைக்குப் பின்னே பொழுது சாய்கையில் பெரம்பலூரில் மேகம் சிவப்பதற்கும் காரணம் மேகத்துக்குள் இல்லை. சாய்ந்த கதிர் காற்றில் நெடுந்தொலைவு கடக்கிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போக, எஞ்சிய செவ்வொளி மேகத்தின் மேல் விழுகிறது. 1871இல் இயற்பியலாளர் ரேலி விளக்கியது இந்தச் சிதறலைத்தான்.